பத்தாவது முன்மொழிபவர்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஞ்சக்குப்பம் வீட்டில் டெலிபோன் அடித்தது. எடுத்த உத்திராபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன வாரம் அவரை அந்த நிலையில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

பேசியவள் அமிர்தம். சிதம்பரத்துக்காரி.

"எம் புருசன் ஒங்களுக்கு முன்மொழிஞ்சி கையெழுத்து போட்டிருக்காராமே சார்? ஆபீசு போர்டுல பேரு ஒட்டியிருக்காம். பக்கத்து வூட்டு வாத்தியாரு படிச்சிட்டு வந்து சொன்னாரு. நெசமா?"

கேட்டுவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள்.

அமிர்தத்தின் புருஷன் சின்னையன் செத்துப்போய் வருகிற மே மாதம் ஐந்து வருஷம் முடிகிறது.

திங்கட்கிழமை விடிந்தது. 2011, மார்ச் இருபத்தெட்டு. பதினொரு மணிக்குச் சிதம்பரத்தில் வேட்புமனு பரிசீலனை. மனைவி விருத்தாம்பாள் தட்டில் வைத்த இட்லி ஆறிக்கொண்டிருந்தது. உத்திராபதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கை வைக்கவில்லை.

உத்திராபதியைத் தெரியாமல் இந்தக் கதைக்குள் நுழைந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. செம்மங்குப்பம் பக்கத்தில் சாயப் பொருள் செய்கிற தனியார் ஆலை ஒன்றின் துணைத் தலைவர். எண்ணூறு பேரை மேய்க்கிறவர். எண்ணூறு பேரை மேய்த்தால் எட்டு லட்சம் பேரையும் மேய்த்துவிடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே நினைத்துக்கொண்டார். 2004-இல் கடலூர் பாராளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்று ஜாமீன் தொகை போனது. கிராமத்துக் கோயில் வாசலில் புரொஜக்டர் வைத்து வளர்ச்சித் திட்டம் காட்டப் போனார், கரண்ட் போய்விட்டது. ஜனங்கள் சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 2006-இல் சொந்த ஊர்ப்பக்கம் என்று சிதம்பரம் சட்டமன்றத்துக்கு நின்றார். அதிலும் ஜாமீன் போனது. அந்தத் தேர்தலில் போனது ஜாமீன் மட்டுமில்லை.

இது மூன்றாவது.

"தின்னுங்க" என்றாள் விருத்தாம்பாள். "பட்டினியா போயி மயங்கி விழுந்தா அதுக்கும் ஒரு பேரு வச்சிருவாங்க."

"எறங்கல விருத்தா."

"உண்மையச் சொன்னா எறங்கும்."

சோபாவில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த தமிழ்மணி நிமிர்ந்தான். விருத்தாம்பாளின் தம்பி. உத்திராபதிக்கு மச்சான், இந்தத் தேர்தலுக்கு ஏஜென்ட். எல்லா வினையும் அவன் கையிலிருந்துதான் ஆரம்பித்தது. ஆனால் அவன் மேல் கோபப்படவும் முடியாது. சனிக்கிழமை நடந்தது அப்படி.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு ஆள் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். சனிக்கிழமை, மனுக் கொடுக்கக் கடைசி நாள், ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவதாக வர வேண்டிய ராஜாமணியைக் காணோம். பெரிய கட்சிக்காரர்கள் காலையிலேயே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மூன்று மணி வரை மனு வாங்குவார்கள். நிதானமாக வேறு ஆளைப் பிடித்திருக்கலாம்.

ஆனால் ஒன்றரைக்கு எமகண்டம் பிறக்கிறதே! கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த உத்திராபதி, ஆலையில் புது பாய்லர் பற்றவைப்பதாக இருந்தாலும் எமகண்டம் பார்க்கிறவர். "ஒன்றரைக்குள்ள மனு மேசையில இருக்கணும் மச்சான்" என்று குதித்தார். தமிழ்மணி 2006-ஆம் வருஷத்துப் பழைய ஃபைலைத் திறந்தான். அதிலே பத்து முன்மொழிந்தவர்கள். கடைசிப் பெயர், சின்னையன். புதுப் பட்டியலில் தேடினான். பெயர் இருந்தது. பாகம் எண், வரிசை எண் எழுதி, காரின் பானெட் மேல் வைத்து அவனே ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டான்.

எமகண்டத்துக்குப் பயந்து ஓடியவர்கள் எமலோகத்தில் இருக்கிறவனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கு எப்பிடி மாமா தெரியும்?" தமிழ்மணி நூறாவது தடவையாகக் கேட்டான். "2006-ல நான் சிங்கப்பூர்ல கெடந்தேன். பட்டியல்ல பேரு இருந்தா ஆளு உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்? சாயங்காலமா வூட்டுக்கே போயி சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"ஒன்ன யாரும் கொற சொல்லல மச்சான்."

"யாரும் ஆட்சேபண பண்ணலன்னா மனு பாஸாயிடும். அந்தம்மா உள்ளயே வர முடியாது. வேட்பாளரு, ஏஜென்ட்டு, முன்மொழிஞ்சவருல ஒருத்தரு, கூட ஒரு ஆளு. அவ்வளவுதான் உடுவாங்க. பேசாம இருந்துட்டு வந்துரலாம்."

"பேசாம இருந்துதான் இந்த அஞ்சு வருசம் ஓடிச்சி" என்றாள் விருத்தாம்பாள். "இன்னிக்கு நானும் வரேன். அந்தக் கூட ஒரு ஆளு நான்தான்."

தமிழ்மணிக்குத் தெரியாத ஒன்று உண்டு. சனிக்கிழமை ஒன்று இருபத்திரண்டுக்கு, அலுவலகத்தில் பெயர்களைச் சரிபார்க்க ஒவ்வொன்றாக வாசித்தபோது, "பத்து, சின்னையன்" என்று உத்திராபதியின் காதில் தெளிவாக விழுந்தது. வாயைத் திறந்தால் மனு திரும்பும், எட்டு நிமிஷத்தில் எமகண்டம். திறக்கவில்லை. இதை அவர் விருத்தாம்பாளிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சொன்னார். அவள் அதற்குப் பிறகு விளக்கை அணைக்க விடவில்லை.

எட்டரைக்குக் கார் கிளம்பியது. தமிழ்மணி ஓட்டினான்.

முதுநகர் தாண்டி ஆலைகள் ஆரம்பித்தன. பழக்கப்பட்ட மூக்குக்கு அந்த நெடி தெரியாது; உத்திராபதிக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தன் ஆலை கேட் நெருங்கும்போது அவர் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார்.

பார்த்துவிட்டார்.

ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் டீக்கடையில் கும்பலாக நின்றார்கள். கும்பலுக்குக் கொஞ்சம் தள்ளி, நீலச் சட்டையும் தலையில் சுற்றிய துண்டுமாக, சின்னையன். டீ கிளாஸ் இல்லை கையில். சும்மா நின்றான். தலையை அண்ணாந்து மேலே, கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்போதும் அப்படித்தான். ஒருநாளும் அவரை முறைத்துப் பார்த்ததில்லை. முறைத்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் போனார், மாத்திரை கொடுத்தார்கள். விருத்தாம்பாள் கோயில் கோயிலாக இழுத்துப்போனாள். மாத்திரைக்கும் அவன் போகவில்லை, சாமிக்கும் போகவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருப்பான். போர்டு மீட்டிங் நடக்கும்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே போவான். இந்தத் தேர்தலில் கொடியோ தோரணமோ தோள் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று உத்திராபதி உத்தரவு போட்டிருக்கிறார். தேர்தல் கமிஷன் கெடுபிடிக்குப் பயப்படுகிறார் என்று ஆட்கள் சிரிக்கிறார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் பின்சீட்டிலிருந்து விருத்தாம்பாள்.

"ம்."

"எங்க?"

"கேட்டாண்ட."

தமிழ்மணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "யாரப் பாத்தீங்க மாமா?" என்று கேட்டான்.

2006 மே ஐந்தாம் தேதி, கத்திரி வெயில். பிரசாரம் முடிய ஒரு நாள் பாக்கி. சிதம்பரம் தெற்கு வீதி முனையில் உத்திராபதியின் வேன் நின்றது. பாய்லரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த சின்னையன், அய்யா கூப்பிட்டார் என்பதற்காக லீவு போட்டுவிட்டு வந்து இருபது நாளாகக் கூடவே அலைந்தான். அன்றைக்குக் கம்பத்தில் ஏறி மின்விசிறிச் சின்னம் போட்ட பேனரைக் கட்டினான்.

"அய்யா, இது போதுங்களா?"

"இன்னும் ஒசரத்துல கட்டுய்யா. பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்."

மைக்கில் சொன்னார். வீதி முழுக்கக் கேட்டது. சின்னையன் இன்னும் இரண்டு அடி ஏறினான். மேலே கரண்ட் கம்பி போனது.

அன்று சாயங்காலம் வக்கீல் சொல்லிக்கொடுத்தார்: ஓட்டுக்கு மூன்று நாள்தான், ஆள் உங்களுடையவன் என்று வந்தால் கேஸ், பேப்பர், எல்லாம் கெட்டுவிடும். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்டார், "ஆளைத் தெரியுமா சார்?" உத்திராபதி சொன்னார், "தெரியாது. கூட்டத்துல யாரோ." எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த 'யாரோ'தான் அவருடைய வேட்புமனுவில் பத்தாவதாக முன்மொழிந்தவன் என்பதை யாரும் எடுத்து ஒத்துப் பார்க்கவில்லை.

சாவு எடுப்புக்கும் அவர் போகவில்லை. மாலை அனுப்பவில்லை. எதிரி வீட்டுச் சாவுக்குக் கூடப் போய் வாசலில் நின்றுவிட்டு வருகிற ஊர் அது. "சாவுக்குப் போவாத வீடு நாம" என்று விருத்தாம்பாள் அன்றைக்கு ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை.

சிதம்பரத்தில் உதவி ஆட்சியர் அலுவலகத்துக்கு நூறு மீட்டர் முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டுப் போலீஸ் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம், வாகை மரத்தடியில் அமிர்தம் உட்கார்ந்திருந்தாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கார் நின்றதும் எழுந்தாள்.

உத்திராபதி இறங்கினார். கும்பிடக் கை எழுந்தது. ஓட்டுக்காக ஆயிரம் பேரைக் கும்பிட்ட கை, பாதியில் நின்றுவிட்டது.

"வாம்மா அமிர்தம்" என்றாள் விருத்தாம்பாள் முந்திக்கொண்டு.

"இருக்கட்டுங்கம்மா. நான் சண்ட போட வரல." அமிர்தம் முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பூத் சிலிப். மடித்து மடித்து நைந்திருந்தது. "ரெண்டாயிரத்து ஒம்போதுல எலெக்சன் வந்துச்சில்ல, அப்ப அவுரு பேருக்கு வந்தது. பேர அடிக்கணும், பாரம் எழுதிக் குடுன்னாங்க. நான்தான் குடுக்கல. எங்கனா ஒரு எடத்துலயாவது பேரு இருக்கட்டும்னு உட்டுட்டேன். அதனாலதான் ஒங்களுக்கு ஆப்புட்டுப் போச்சி."

தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான்.

"அமிர்தம், அது தெரியாம நடந்த..." உத்திராபதி ஆரம்பித்தார்.

"தெரியாமதான் சார். ஒங்களுக்கு எல்லாமே தெரியாமதான் நடக்குது." குரல் உயரவில்லை. "அன்னிக்கி டேசன்ல, செத்துக் கெடந்த ஆள யாருன்னே தெரியாதுன்னீங்க. போலீசுக் காயிதத்த நான் படிக்கச் சொல்லிக் கேட்டன். இன்னிக்கி அதே ஆளு உசுரோட வந்து ஒங்கள நல்லவருன்னு சொல்றதா எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் யார்கிட்டயும் போயி சொல்லப் போறதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எம் புருசன் ஒங்களுக்கு யாரு?"

உத்திராபதிக்குப் பதில் தெரியும். எட்டு லட்சம் பேருக்கு வளர்ச்சித் திட்டம் எழுதியவருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. மைக்கில் ஒலிபரப்பினார்கள், பரிசீலனைக்கு உரியவர்கள் உள்ளே வரவும் என்று.

"போயிட்டு வாங்க. நேரமாவுது" என்றாள் அமிர்தம். மறுபடி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

படி ஏறும்போது தமிழ்மணி காதோடு சொன்னான், "கெடச்சது சான்சு மாமா. அந்தம்மா வாயத் தொறக்கலன்னுடிச்சி. நீங்களும் தொறக்காதீங்க."

இந்தப் பக்கம் விருத்தாம்பாள் சொன்னாள், "உண்மையச் சொல்லிடுங்க. இந்த ஆட்டம் இல்லன்னா நாம சோத்துக்கு இல்லாமயா போயிடுவோம்? எனக்கு ஒரு நாளாவது நிம்மதியா வெளக்க அணைச்சிட்டுப் படுக்கணும்."

நடுவில் நடந்தார் உத்திராபதி. மூன்றாவது தடவை ஜெயித்துவிடுவோம் என்று அவர் மனசில் இன்னமும் ஒரு ஓரம் நம்பிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை. இந்தத் தடவை மூன்று கிராமத்தில் ஆரத்தி எடுத்திருந்தார்கள்.

ஹாலில் பதினாறு வேட்பாளர்கள். தேர்தல் நடத்தும் அலுவலர் சின்ன வயதுப் பெண், கண்ணாடி போட்டவர், ஒவ்வொரு மனுவையும் எடுத்து வாசித்தார். பெரிய கட்சி மனுக்கள் வரும்போது சளசளவென்று சத்தம்; வக்கீல்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். சுயேச்சைகள் முறை வந்ததும் எல்லோரும் செல்போனை எடுத்துக்கொண்டார்கள்.

"உத்திராபதி. சுயேச்சை."

அவர் எழுந்து நின்றார்.

"உறுதிமொழிப் பத்திரம் சரி. டெபாசிட் சரி. முன்மொழிந்தவர்கள் பத்து. பத்துப் பெயரும் பட்டியல்ல இருக்கு." அலுவலர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

இவர் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்பதுபோல் ஒருவர் கொட்டாவி விட்டார். அலுவலர் பேனாவை எடுத்துவிட்டார். தமிழ்மணி மூச்சு விட்டது கேட்டது.

ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. அமிர்தம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்னையன் நிற்பான் என்று உத்திராபதி எதிர்பார்த்தார். இல்லை. ஐந்து வருஷமாகத் துரத்தியவன் அந்த நேரத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் இவர் தலையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

"எனக்கு இருக்கு மேடம்" என்றார்.

"என்ன இருக்கு?"

"ஆட்சேபணை."

"உங்க மனுவுக்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதல் வார்த்தை வெளியே வந்ததும் மற்றது தானாக வந்தது.

"பத்தாவதா இருக்கிற சின்னையன் உயிரோட இல்ல மேடம். 2006 மே அஞ்சாம் தேதி தெற்கு வீதியில, எனக்காக பேனர் கட்டும்போது கரண்ட் அடிச்சி செத்தாரு. உசரமா கட்டச் சொன்னது நான். அன்னிக்கி போலீஸ்ல அவரத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தேன். அது பொய். அவரு என் ஆலையில பன்னெண்டு வருசம் வேல செஞ்சவரு. எனக்கு நல்லாத் தெரியும்."

செல்போன்கள் எல்லாம் கீழே இறங்கின. விருத்தாம்பாள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவரைத் தொட்டதில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. போகட்டும், எல்லாம் போகட்டும் என்று மனசு லேசானது.

அலுவலர் மனுவில் எழுதினார்.

"உங்க மனு நிராகரிக்கப்படுது."

"சரி மேடம்."

"உட்காராதீங்க சார்." அவர் மனுவைத் திருப்பி, பத்தாவது வரியில் விரலை வைத்துக் காட்டினார். "இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. இதுல கையெழுத்து இருக்கு. இது கிரிமினல் குற்றம், நான் போலீசுக்கு அனுப்பியாகணும். இதைப் போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உத்திராபதி இதை யோசிக்கவில்லை. தன் பாவத்தை மட்டும் எடைபோட்டுக்கொண்டு படியேறியவர், அதன் வால் எங்கே சுற்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தமிழ்மணியின் கை பொத்திக்கொண்டது.

தோளில் இருந்த விருத்தாம்பாளின் விரல்கள் இறுகின. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எந் தம்பிங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிருக்கான். ஒரு வார்த்ததானே? தெரியாதுன்னுடுங்க."

காலையிலிருந்து உண்மை, உண்மை என்று உயிரை எடுத்தவள் இவள்தான். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். இடி அடுத்த வீட்டில் விழுகிற வரைக்கும் நாம் எல்லோருமே நியாயஸ்தர்கள்தான்.

அதே கேள்வி, அதே ஊர். சொல்ல வேண்டிய பதிலும் அதேதான். சொன்னால் மச்சான் தப்பித்துவிடுவான், வீடு தப்பித்துவிடும். ஒருத்தனைத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உத்திராபதிக்கு நன்றாகத் தெரியும்.

"சார், உங்களைத்தான் கேக்குறேன்" என்றார் அலுவலர்.

"தெரியும் மேடம்."

அலுவலர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, "பேரைச் சொல்லுங்க" என்றார்.

விருத்தாம்பாள் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு நாற்காலி தள்ளிப் போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.